தலைக்கனம் பிடிச்ச குவார்ட்டர்பேக் டீமை நடத்துவானா? அவன் முன்னாடி நிக்கிற அஞ்சு பேரைக் கேளுங்க

நீங்க கேட்டதை, படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்னு முதல்ல சுருக்கி சொல்லிடறேன். உங்க பையன் டெக்ஸாஸ்ல ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல லெஃப்ட் கார்டு ஆடுறான், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு எதிராளியைத் தடுக்கற அஞ்சு லைன்மேன்ல ஒருத்தன். பந்தை வாங்கி பாஸ் போடற அந்த டீம் குவார்ட்டர்பேக்குக்கு கை அப்படி ஒரு கை, ஆனா வாயும் அதே அளவு. நான் இல்லன்னா இந்த டீம் ஒண்ணுமே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்றான், தப்பு நடந்தா, பாஸைப் பிடிக்க வேண்டிய ரிசீவரைப் பாத்து கையை விரிக்கிறான். சீசனுக்கு முன்னாடி பசங்களே ஓட்டு போட்டு கேப்டனை தேர்ந்தெடுக்கணும், உங்க பையன் யாருக்கு போடறதுன்னு குழம்பிப் போயிருக்கான். திறமை இருந்தும் இவ்வளவு ஈகோ இருக்கறவனால ஒரு டீமை நடத்த முடியுமான்னு கேக்கறீங்க.

முடியும். நடத்தியிருக்காங்க, ப்ரோ ஃபுட்பாலோட பெரிய ஃபைனலான சூப்பர் பவுலே ஜெயிச்சிருக்காங்க. ஆனா அதே மாதிரி திமிர் இருந்த இன்னும் சில பேர் டீமையும் கெடுத்து தானும் கெட்டுப் போயிருக்காங்க. ரெண்டு கூட்டத்தையும் வெளியிலேருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது, பேட்டியில ஒரே மாதிரிதான் பேசுவாங்க. வித்தியாசம் தெரியற ஆளுங்க அவன் முன்னாடி நிக்கிற அஞ்சு லைன்மேன்தான், அதுல ஒருத்தன் உங்க வீட்டுலயே இருக்கான்.

ஏன் லைன்மேன்னு சொல்றேன்னா, கிரிக்கெட்ல கேப்டன் யாரா வேணும்னாலும் இருக்கலாம், அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக்கை யாரும் கேப்டனாக்கலன்னாலும் களத்துல டீமை அவன்தான் நடத்தியாகணும், வேலையே அப்படி. ஹடில்ல, அதாவது ஆட்டத்துக்கு நடுவுல வட்டமா கூடி நிக்கறப்ப, பத்து பேரும் அவன் வாயைத்தான் பாப்பாங்க. ப்ரோ லீக்கான என்எஃப்எல்ல 1994-லேருந்து குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு, கோச் அதுல பிளேவை, அதாவது அடுத்து என்ன ஆடணுங்கற திட்டத்தை, சொல்லுவார், ஆனா அதை ஆரம்பிக்க கொடுக்கற நேரத்தை எண்ணற பிளே கிளாக்ல 15 செகண்ட் மிச்சம் இருக்கும்போது லைன் கட் ஆயிடும். அதுக்கப்பறம் எதிர் டிஃபன்ஸ் எப்படி நிக்குதுன்னு பாத்து பிளேவை மாத்தறதோ மாத்தாம விடறதோ அவன் பாடு. இப்ப உங்க பையன் நிக்கிற எடத்துலேருந்து யோசிச்சுப் பாருங்க. லைன்மேனுக்கு குவார்ட்டர்பேக் கண்ணுலயே பட மாட்டான், முதுகுக்குப் பின்னாடி இருக்கான். முன்னாடி மலை மாதிரி ஒருத்தன் மோத வர்றான், பின்னாடி பந்தை வச்சிருக்கறவன் சொன்ன எடத்துலதான் நிக்கிறான்னு நம்பி ரெண்டரை மூணு செகண்ட் தாங்கிப் பிடிக்கணும். அந்தப் பின்னாடி இருக்கறவன் ஒரு பெரிய பாஸ் போட்டு கைதட்டு வாங்கிடணும்னு பந்தை விடாம பிடிச்சுக்கிட்டு நாலு அஞ்சு செகண்ட் நின்னான்னா அடி விழும், சாக் ஆகும், அதாவது பந்தோட அவனைக் கீழ சாய்ச்சிடுவாங்க, ஸ்டேண்ட்ல இருக்கற ஜனம் லைனைத் திட்டும். தப்பு அவனுது, பேரு கெடறது இவனுங்களுது. அப்பறம் மைக் முன்னாடி போயி அவன் என்ன சொல்றான், சைட்லைன்ல வந்து உக்காரும்போது யார் பக்கத்துல உக்காறான், இதை எல்லாம் அந்த அஞ்சு பேரும் மறக்க மாட்டாங்க.

திமிர்னு பேச ஆரம்பிச்சா ஜோ நேமத்தை விட்டுட்டு பேச முடியாது. பென்சில்வேனியாவுல பீவர் ஃபால்ஸ்ங்கற ஸ்டீல் மில் ஊர்லேருந்து வந்தவர். 1965-ல நியூயார்க் ஜெட்ஸ் அவருக்கு கொடுத்த கான்ட்ராக்ட் 4,27,000 டாலர், அந்தக் காலத்துல யாரும் கேள்விப்படாத பணம். ஒரு மேட்ச் கூட ஆடாம, முட்டி வேற கெட்டுப் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்த பையனுக்கு இவ்வளவான்னு, அவரைக் காப்பாத்தறதுக்காக அடி வாங்கப் போற ஆளுங்களுக்கே வயிறு எரிஞ்சிருக்கும். அவர் படம் பிராட்வேல எடுத்து ஒரு பத்திரிகை அட்டையில வந்தப்ப, அதைப் பாத்துட்டு 'பிராட்வே ஜோ'ன்னு பேரு வச்சதே அவருக்கு முன்னாடி நின்ன டேக்கிள்ங்கற லைன்மேன் ஷெர்மன் பிளங்கெட்தான். அந்தப் பேரை நேமத் தூக்கி தலையில வச்சுக்கிட்டார், ஃபர் கோட்டு, நைட் கிளப், பக்கத்துல பொண்ணுங்க, எல்லாம் ஊரறிய. தன்னை மாதிரி ஒருத்தன் இல்லன்னு மனசார நம்பின ஆளு, அதை மறைக்கவும் இல்ல.

ஆனா 1967 டிசம்பர்ல ஓக்லாந்து மேட்ச்ல ரெய்டர்ஸ் அடிச்ச அடியில கன்னத்து எலும்பு உடைஞ்சும் வெளிய போகாம ஆடி முடிச்சார். இதை லைன்மேனுங்க பக்கத்துலேருந்து பாத்தாங்க. நம்மளால அடி வாங்கியும் ஒரு வார்த்தை திட்டாம அடுத்த பிளேவுக்கு ஹடிலுக்கு வர்றவனுக்காக ஒரு லைன்மேன் என்ன வேணா செய்வான், இது எந்த லெவல் ஃபுட்பால்லயும் உண்மை, உங்க பையனையே கேட்டுப் பாருங்க.

எனக்கு நேமத் கதையில பெருசா படறது 1968 சீசன். சூப்பர் பவுல்ல அவர் விட்ட சவால்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அதுக்கு மூணு மாசம் முன்னாடி நடந்ததை யாரும் பேசறதில்ல. செப்டம்பர் கடைசியில பஃபலோகிட்ட 37-35னு தோத்தாங்க, நேமத் அஞ்சு இன்டர்செப்ஷன், அதாவது அவர் போட்ட பாஸை எதிராளி பிடிச்சது, அதுல மூணை எதிராளி அப்படியே கோட்டைத் தாண்டி ஓடிப் போயி டச்டவுன் ஆக்கிட்டான். அந்த வருஷம் பூரா பஃபலோ ஜெயிச்ச ஒரே மேட்ச் அதுதான், அவ்வளவு மோசமான டீம்கிட்ட தோத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு டென்வர்கிட்ட மறுபடியும் அஞ்சு. கையை நம்பி எல்லா எடத்துலயும் பந்தை திணிக்கப் பாத்ததோட பலன் அது. இங்கதான் ஒரு ஈகோ பிடிச்ச ஆளு ரெண்டுல ஒரு வழிக்குப் போவான். நேமத் ஆட்டத்தையே மாத்திக்கிட்டார். அந்த சீசன்ல மொத்தம் 17 இன்டர்செப்ஷன், அதுல 10 அந்த ரெண்டு மேட்ச்ல மட்டும், மிச்சம் 12 மேட்ச்ல 7தான். ரிஸ்க் எடுக்கறதைக் குறைச்சார், பந்தைத் தூக்கிட்டு ஓடற ரன்னிங் கேமுக்கு பந்தைக் கொடுத்தார், நம்ம டிஃபன்ஸ் நல்லா இருக்கு, நான் கெடுக்காம இருந்தா போதும்னு ஆடினார். டீம் 11-3, அதாவது 11 ஜெயிப்பு, 3 தோல்வி. முந்தின வருஷம்தான் 14 மேட்ச்ல 4,007 யார்டு பாஸ் போட்டு, ப்ரோ ஃபுட்பால்ல முதல் முறையா 4,000 தாண்டினவர், அடுத்த வருஷமே நம்பரை விட்டுக் கொடுத்து ஆடறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு நட்சத்திரத்தோட மனசுல இருந்து யோசிச்சாத்தான் தெரியும்.

அப்பறம் ஜெட்ஸ் ஆடின லீக்கான ஏஎஃப்எல்லோட ஃபைனல், 1968 டிசம்பர் 29, ஷே ஸ்டேடியத்துல அதே ரெய்டர்ஸ். நாலாவது குவார்ட்டர்ல ஜெட்ஸ் முன்னாடி இருக்கு, நேமத் போட்ட பாஸை ரெய்டர்ஸ் ஆளு ஜார்ஜ் அட்கின்சன் பிடிச்சு கோட்டுக்கு அஞ்சு யார்டு வரைக்கும் ஓடிட்டார். அவரைத் துரத்திப் போயி வெளிய தள்ளினது யாருன்னு நெனைக்கறீங்க, முட்டி போன நேமத்தேதான். ரெய்டர்ஸ் உடனே டச்டவுன் போட்டு 23-20. நேமத் திரும்பி வந்தார், ரிசீவர் சாவருக்கு ஒரு சின்ன பாஸ், இன்னொரு ரிசீவர் மேனார்டுக்கு 52 யார்டு பாஸ், மறுபடி மேனார்டுக்கே டச்டவுன். 27-23, அதுவே கடைசி ஸ்கோர்.

சூப்பர் பவுல் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். என்எஃப்எல் சாம்பியன் பால்டிமோர் கோல்ட்ஸ் 18 பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிக்கும்னு பந்தயக்காரங்க சொன்னாங்க, நேமத் மயாமியில ஒரு விருந்துல நாங்கதான் ஜெயிப்போம், நான் கேரன்டின்னு சொல்லிட்டார், கோச் வீப் யூபேங்க்குக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. 1969 ஜனவரி 12, 16-7னு ஜெயிச்சாங்க. இந்தக் கதையை சொல்றவங்க எல்லாம் வாய் பெருசுன்னு சொல்லி முடிச்சிடுவாங்க, நான் சொல்ல வர்றது அன்னிக்கி களத்துல அவர் என்ன செஞ்சார்ங்கறது. நாலாவது குவார்ட்டர்ல ஒரு பாஸ் கூட போடல. மேட்ச் முழுக்க ஒரு டச்டவுன் பாஸ் கூட இல்ல. பந்தைத் தூக்கிட்டு ஓடற மேட் ஸ்னெல்லுக்கு 30 தடவை பந்து போச்சு, 121 யார்டு, டீமோட ஒரே டச்டவுனும் அவருதுதான். பெரும்பாலும் எந்தப் பக்கம் ஓடினாங்க தெரியுமா, இடது பக்கம், டேக்கிள் வின்ஸ்டன் ஹில்லுக்கும் லெஃப்ட் கார்டு பாப் டலமினிக்கும் பின்னாடி, அதாவது உங்க பையன் நிக்கிற எடம். பெரிய கை இருந்தும், உலகமே பாக்கற மேட்ச்ல, ஒரு வாரமா வாய்விட்டு சவால் விட்டும், அன்னிக்கி அவர் லைன்ல நின்னு டிஃபன்ஸைப் பாத்து பாத்து கூப்பிட்டது மத்தவங்க பந்தைத் தூக்கிட்டு ஓடற பிளேவை. கேரன்டி தன் பேர்ல கொடுத்தார், மேட்சை ஹில் கையில கொடுத்தார். அந்த வின்ஸ்டன் ஹில் ஹால் ஆஃப் ஃபேம் போனது 2020-லதான், அப்ப அவர் உயிரோட இல்ல, எனக்கு அது இன்னிக்கும் மனசு ஆறாத விஷயம்.

நேமத்துக்கு முன்கதை ஒண்ணு இருக்கு, உங்க பையனோட ஓட்டுக்கும் அதுக்கும் நேரா சம்பந்தம் உண்டு. அலபாமா காலேஜ்ல 1963 சீசன் கடைசியில, டீம் விதியை மீறினார்னு கோச் பால் 'பேர்' பிரையன்ட் அவரை சஸ்பெண்ட் பண்ணார். சீசனோட கடைசி மேட்சும் போச்சு, அதுக்கப்பறம் நடக்கற ஷுகர் பவுல்ங்கற பெரிய மேட்சும் போச்சு. அவர் இல்லாமலே ஷுகர் பவுல்ல ஓல் மிஸ் காலேஜை 12-7னு ஜெயிச்சாங்க, பன்னண்டு பாயின்ட்டும், பந்தை உதைச்சுப் போடற ஃபீல்ட் கோல் நாலுல வந்தது. நான் இல்லன்னா டீம் இல்லன்னு நெனைக்கற இருபது வயசுப் பையனுக்கு இதைவிட முகத்துல அறையற மாதிரி ஒரு பாடம் கிடையாது. கோவிச்சுக்கிட்டு வேற காலேஜுக்குப் போகல, இருந்தார், 1964 டீமோட கேப்டன்கள்ல ஒருத்தர் அவரே. அந்த டீம் வழக்கமான சீசன்ல ஒரு மேட்ச் கூட தோக்கல. ஓட்டு போடறப்ப பசங்க திமிர் இல்லாதவனைத் தேடல, அடி வாங்கிட்டு திரும்பி வந்தவனைத் தேர்ந்தெடுத்தாங்க.

இப்ப இதுக்கு எதிர்ப்பக்கம், ரையன் லீஃப்ங்கற குவார்ட்டர்பேக். 1998 டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்களை என்எஃப்எல் டீமுங்க வரிசையா எடுக்கறதுல, இன்னொரு குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் முதல்ல, லீஃப் ரெண்டாவது. யாரை முதல்ல எடுக்கறதுன்னு மாசக்கணக்குல சண்டை போட்டாங்க, லீஃப் கைதான் பெரிய கைன்னு சொன்னவங்க நெறைய. சான் டியேகோ சார்ஜர்ஸ் மூணாவது எடத்துலேருந்து ரெண்டாவது எடத்துக்கு, ஒரே ஒரு எடம் முன்னாடி போக, ரெண்டு முதல் ரவுண்டு பிக் (ஆளு எடுக்கற உரிமை), ஒரு ரெண்டாவது ரவுண்டு பிக், கூட ஆளையும் கொடுத்தாங்க. முதல் ரெண்டு மேட்ச் ஜெயிச்சாங்க. மூணாவது மேட்ச் கன்சாஸ் சிட்டியில, 15 பாஸ் போட்டு ஒண்ணே ஒண்ணு கம்ப்ளீட், 4 யார்டு. நல்ல குவார்ட்டர்பேக்குக்கும் மோசமான நாள் வரும், அது பெரிய விஷயமில்ல. அடுத்த நாள் லாக்கர் ரூம்ல ஒரு நிருபர்கிட்ட அவர் கத்தினதுதான் விஷயம், டிவியில திரும்பத் திரும்பப் போட்டாங்க. அந்த வருஷம் சார்ஜர்ஸ் டிஃபன்ஸ் லீக்லயே சிறந்த டிஃபன்ஸ்கள்ல ஒண்ணு. அவங்க உயிரைக் கொடுத்து பந்தைப் பிடுங்கிக் கொடுப்பாங்க, இவர் திருப்பிக் கொடுத்துடுவார், கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். ரெண்டு டச்டவுன், 15 இன்டர்செப்ஷன், சீசன் முடியறதுக்குள்ள பெஞ்ச். அடுத்த வருஷம் ஜெனரல் மேனேஜர்கிட்டயே கத்தி சஸ்பெண்ட் ஆனார்.

இதுல நிறைய பேர் சொல்ற ஒரு கதையை நான் ஏத்துக்க மாட்டேன், மேனிங் அடக்கமான பையன், லீஃப் திமிர் பிடிச்சவன், அதனாலதான் இவன் மேல போனான் அவன் கீழ போனான்னு. மேனிங்குக்கு ஈகோ இல்லன்னு யார் சொன்னது? எல்லாம் தான் சொன்னபடிதான் நடக்கணும்னு நிக்கிற ஆளு, தனக்கு பந்தை எடுத்துக் கொடுக்கற லைன்மேனான சென்டர் ஜெஃப் சாட்டர்டேகூட சைட்லைன்ல டிவி கேமரா முன்னாடியே சண்டை போட்டவர். 2006 ஜனவரியில பிட்ஸ்பர்க்கிட்ட 21-18னு தோத்துட்டு, நல்ல டீம்மேட்டா இருக்கப் பாக்கறேன், பாஸ் ப்ரொடெக்ஷன்ல பிரச்சினை இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிக்கறேன்னு பேசினார். சுத்தி வளைச்சு லைன் மேல பழி போட்டதுதான் அது, நான் அதை நியாயப்படுத்த மாட்டேன், இன்னிக்கும் அவர் பேர்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆனா முதல் வருஷத்தைப் பாருங்க. 28 இன்டர்செப்ஷன், எந்தப் புது குவார்ட்டர்பேக்கும் அதுக்கு மேல போட்டதில்ல, டீம் 3-13. லீஃபைவிட எண்ணிக்கையில மோசம்னே சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் எந்திரிச்சு வந்து 16 மேட்சும் ஆடினார், எந்தப் பாஸ் ஏன் போச்சுன்னு வீடியோ போட்டு போட்டுப் பாத்தார், அடுத்த வருஷம் 13-3. அவரோட ஈகோவுக்கு வலிச்சது தோல்வி. லீஃபோட ஈகோவுக்கு வலிச்சது தோல்வியைப் பத்தி யாராவது வாயைத் தொறந்தா. லீஃப் பின்னாடி போதை மாத்திரையில விழுந்து ஜெயிலுக்கே போயி, அதுலேருந்து மீண்டு வந்து, அந்த வயசுல தான் எப்படி இருந்தேன்னு இப்ப ஒளிக்காம பேசறார். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், அந்த மரியாதையை நான் அவருக்குக் கொடுப்பேன், இருபத்திரண்டு வயசுல அவ்வளவு பணமும் பேரும் கையில கொடுத்துட்டு எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க.

இன்னொருத்தர் ஜிம் மெக்மேன், 1985 சிகாகோ பேர்ஸ் குவார்ட்டர்பேக். கோச் மைக் டிட்காவோட தினம் சண்டை, அனுப்பற பிளேவை மாத்திடுவார், லீக் ஃபைன் போட்டா அந்த கமிஷனர் பேரையே ஹெட்பேண்டுல எழுதிக்கிட்டு அடுத்த மேட்ச்சுக்கு வருவார். அடங்காத ஆளு. ஆனா அவர் சாப்பிடப் போறது, ஊர் சுத்தறது எல்லாம் லைன்மேனுங்ககூட, டச்டவுன் போட்டா ஓடி வந்து தலையோட தலை முட்டறது அவங்களோட. அந்த செப்டம்பர்ல மினசோட்டாவுல முதுகு வலின்னு அவரை உக்கார வச்சுட்டாங்க, டீம் 17-9னு பின்னாடி, என்னை எறக்குங்கன்னு டிட்காவை நச்சரிச்சு நச்சரிச்சு மூணாவது குவார்ட்டர்ல எறங்கினார். முதல் பாஸ், ஓடி வந்த எதிர் டீம் லைன்பேக்கரை கூட ஆடற வால்டர் பேட்டன் தடுத்துப் பிடிக்க, ரிசீவர் வில்லி கால்ட்டுக்கு 70 யார்டு டச்டவுன். அடுத்த பாஸும் டச்டவுன். அப்பறம் மூணாவது. 33-24. அந்த பேர்ஸ் 15-1 வந்து, சூப்பர் பவுல்ல பேட்ரியாட்ஸை 46-10னு நொறுக்கினாங்க. மேலிடத்துக்கு எதிரா திமிர், கூட அடி வாங்கறவனுக்கு சொந்தக்காரன். உங்க டீம் பையன் இதுக்கு நேர்மாறா இருக்கான்னா, அதாவது கோச்கிட்ட நல்ல பிள்ளை, லைன்மேன்கிட்டயும் ரிசீவர்கிட்டயும் மட்டும் எகிறறான்னா, எனக்கு அதுதான் ரொம்ப கவலையா இருக்கும்.

ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த குவார்ட்டர்பேக் பையனுக்கு வயசு பதினேழு. தலைக்கனத்துல பாதி பயம்தான் அந்த வயசுல, ஊரே மேட்ச் நடக்கற வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் கையைத்தான் பாக்குதுன்னா அந்த பாரம் யாருக்குத் தெரியும். நான் இல்லன்னா டீம் இல்லன்னு அவன் சொல்றதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், நேமத் அதைவிட அதிகம் சொன்னார். ரிசீவரைப் பாத்து கையை விரிக்கிறான்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் உறுத்துது, ஏன்னா அது ஸ்டேண்ட்ல இருக்கறவங்களுக்குக் காட்டறது, என் தப்பில்ல பாத்துக்கோங்கன்னு. அது பழக்கமா, இல்ல ஒண்ணு ரெண்டு தடவை கோவத்துல வந்ததான்னு உங்க பையனுக்குத்தான் தெரியும்.

ஓட்டுக்கு முன்னாடி இன்னொரு ஸ்க்ரிம்மேஜ், அதாவது பயிற்சி மேட்ச், இருக்குன்னு சொன்னீங்கள்ல, நீங்களும் போங்க. அவன் போட்ட பாஸை எதிராளி பிடிச்சுட்டா பந்தை விட்டுட்டு அவனைப் பாருங்க. துரத்தி ஓடறானா, நின்ன எடத்துலயே கையை விரிக்கிறானா? சைட்லைனுக்கு வந்ததும் தனியா தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு ஓரமா போறானா, லைன்மேனுங்க உக்கார்ற பெஞ்ச் பக்கம் ஒரு தடவையாவது வர்றானா? அன்னிக்கி ராத்திரி உங்க பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, நீ தப்பு பண்ணி அவனுக்கு அடி விழுந்தப்ப ஹடில்ல வந்து என்ன சொன்னான்னு. அவன் சொல்ற பதில்லயே யாருக்கு ஓட்டு போடணும்னு அவனுக்குத் தெரிஞ்சிடும், நீங்க சொல்லவே வேண்டியதில்ல. அப்படியே அந்தப் பையன் கேப்டன் ஆகலன்னாலும் ஆட்டத்தை அவன்தான் நடத்தப் போறான், அதனால ஓட்டு முடிஞ்சதும் லைன்மேன் அஞ்சு பேரும் அவனைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயி வயிறார சாப்பிடட்டும், பில்லை அன்னிக்கி நீங்க கொடுங்க.